இராகமாலை ஓவியங்களில் இசையும் இறைக்காதலும்

கண்ணுக்கு விருந்தாவது ஓவியம். செவிக்கு விருந்தாவது இசை. ஓவியம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. இசை காலத்தில் ஓடி மறைவது. இயல்பால் வேறுபட்ட இவ்விரண்டையும் ஒரே தாளில் ஒன்றுபடுத்த முயன்ற கலைமரபு ஒன்று வட இந்தியாவிலும் தக்கணத்திலும் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் செழித்திருந்தது. இராகத்தை ஆணாகவும் இராகினியைப் பெண்ணாகவும் உருவகித்து, அவ்வவற்றிற்குரிய பொழுதையும் பருவத்தையும் உணர்வையும் வண்ணத்தில் வடித்த அவ்வோவியத் தொகுதிகள் 'இராகமாலை' எனப் பெயர் பெற்றன. இவற்றை அரண்மனையாரின் காமச்சுவைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கினோர் உளர். ஒவ்வொரு கோட்டிலும் ஞானப்பொருள் காண முற்பட்டோரும் உளர். இவ்விரு கூற்றுக்கும் இடையே உண்மை யாது என ஆராய்வது தமிழ் மாணாக்கர்க்கு இருவகையிற் பொருத்தமுடைத்து. இவ்வோவியங்களை உலகறியச் செய்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி இலங்கைத் தமிழ்க்குடியிற் பிறந்தவர் என்பது ஒன்று. இவற்றின் உட்பொருளைத் திறக்கும் திறவுகோல் தமிழ் அகப்பொருள் மரபிலேயே கிடைக்கின்றது என்பது மற்றொன்று.

சிற்றோவியம் என்பது சுவரில் எழுதப்படாது, கையில் ஏந்திப் பார்க்கும் அளவினதாகிய தாளில் எழுதப்படுவது. மெல்லிய தாள்கள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வழவழப்பான கல்லினால் தேய்த்து மெருகேற்றி, அணிலின் மயிராற் செய்த நுண்ணிய தூரிகை கொண்டு ஓவியர் எழுதினர். கல்லிலிருந்தும் மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் பெற்ற வண்ணங்களோடு பொன்னையும் வெள்ளியையும் கலந்தனர். இமயத்தின் அடிவாரத்துப் பசோலி நாட்டு ஓவியரோ, மரகதம் பதித்த அணிகளைக் காட்டுதற்கு வண்டின் மின்னும் பசிய சிறகோட்டைத் துண்டாக்கிப் பதித்தனர். படத்தின் தலைப்பிலோ பின்புறத்திலோ அதற்குரிய செய்யுள் எழுதப்பட்டிருக்கும். எனவே இவ்வோவியம் பார்த்தற்கு மட்டுமன்றிப் படித்தற்கும் உரியது. படித்த செய்யுள் வழியே இராகத்தை நெஞ்சில் மீட்டிக்கொள்ளுதற்கும் உரியது.

இராகத்திற்கு உருவம் உண்டு என்னும் கருத்து ஓவியரின் கற்பனையில் திடீரெனத் தோன்றியதன்று. தெய்வத்தைத் தியானித்தற்குத் தியான சுலோகம் இருப்பதுபோல, இராகத்தைத் தியானித்தற்கும் சுலோகங்களை இசைநூலார் இயற்றினர். பாடுவோன் அவ்வுருவை மனத்தில் நிறுத்திப் பாடினால் இராகம் தன் முழுப்பொலிவோடு எழுந்தருளும் என்பது அவர்தம் கொள்கை. கூர்ச்சரத்தில் 1475 ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட சமண கற்பசூத்திரச் சுவடியொன்றின் ஓரங்களில் இராகங்கள் தெய்வ வடிவில் தனித்தனியே நிற்கக் காண்கிறோம். இன்று அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய இராக உருவங்கள் அவையே. அடுத்த நூற்றாண்டில் அவ்வுருவங்கள் தனிமை நீங்கி, மாடமும் சோலையும் மேகமும் சூழ்ந்த காட்சிகளாக வளர்ந்தன.

இராகங்களைக் குடும்பமாகப் பகுத்த முறைகள் பல. ஆறு இராகங்கள், ஒவ்வொன்றிற்கும் ஐந்து இராகினிகள் என 36 கொள்வது ஒரு முறை. இராசத்தான ஓவியர் பெரும்பாலும் 36 என்னும் இத்தொகையையே கைக்கொண்டனர். 1570 இல் கேமகர்ணர் இயற்றிய நூலோ ஒவ்வோர் இராகத்திற்கும் ஐந்து மனைவியரையும் எட்டு மைந்தரையும் கூறி 84 எனக் கணக்கிட்டது. மலைநாட்டுப் பகாரி ஓவியர் இதனைப் பின்பற்றினர். தாமோதரர் 17 ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'சங்கீத தர்ப்பணம்' எடுத்துரைக்கும் முறையொன்று அனுமன் பெயரால் வழங்குவது. பைரவம், கௌசிகம், இந்தோளம், தீபகம், ஸ்ரீராகம், மேகம் என்பன அம்முறையின் ஆறு இராகங்கள். இறம்பொடை மலைச்சரிவில் சின்மயா மிஷன் எழுப்பிய கோயிலில் அனுமனைப் பக்தனாக வழிபடுவோர், இசைநூல் மரபு அவனை இராகங்களை வகுத்த ஆசிரியனாகவும் போற்றியதை அறிந்து மகிழலாம்.

தென்னாட்டில் இராகமாலை ஓவியம் ஏன் வேரூன்றவில்லை என்ற வினா இங்கு எழும். தென்னாட்டு இசைநூலார் இராகங்களைச் சுர அமைப்பினால் வகுக்கும் வழியிற் சென்றமை அதற்கு ஒரு காரணமாகலாம். 17 ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த 72 மேளங்கள் அவ்வழியின் முடி எனலாம். மேலும் தோடி, பைரவி முதலிய பெயர்கள் இருநாட்டு இசைக்கும் பொதுவாயினும் அவை குறிக்கும் இராகங்கள் வேறு வேறு. ஆதலின் வடநாட்டுத் தோடி ஓவியத்தைக் காணும்போது கருநாடக இசைத் தோடியை மனத்திற் கொள்ளுதல் பொருந்தாது.

இனி ஓவியங்கள் சிலவற்றை நோக்குவோம். தோடி இராகினி, சோலையில் தனித்து நின்று வீணை மீட்டும் இளம்பெண். அவ்விசைக்கு மயங்கிய மான்கள் அவளை நெருங்கி வருகின்றன. அவள் காதலனோ அங்கு இல்லை. யாழிசைக்கு மயங்கும் அசுணம் என்னும் உயிரினத்தைச் சங்கச் செய்யுளிற் படித்தார்க்கு இக்காட்சி புதிதன்று. பைரவி இராகினி, தாமரைப் பொய்கையின் நடுவே உள்ள சிறு கோயிலில் சிவலிங்கத்தின் முன் தாளமிட்டுப் பாடும் பெண். லலிதத்தில், துயிலும் தலைவியை விட்டுத் தலைவன் விடியற்போதில் மாலைகளோடு நீங்குகின்றான். இராமகலியில், ஊடியிருக்கும் தலைவியின் அடியில் அவன் பணிகின்றான். மேகராகத்தில், கருமுகில் திரண்டு மின்னல் பொன்னிழையாய் ஓட, நீலமேனியன் மகளிர் நடுவே ஆடுகின்றான். வசந்தத்தில், மாந்தளிரும் மலரும் பூங்குடமும் பொலிய, மயிற்பீலி சூடிய கண்ணன் ஆட, மகளிர் மத்தளம் கொட்டுகின்றனர்.

இக்காட்சிகளில் ஓவியன் இசையின் ஒலியை எழுத முயலவில்லை, எழுதவும் இயலாது. இராகம் கேட்போர் நெஞ்சில் எழுப்பும் நிலையையே அவன் எழுதுகின்றான். அந்நிலைக்கு அவன் தேர்ந்த மொழி காதல். இராகம் ஒன்றற்கு உரிய பொழுதும் பருவமும் உண்டு. காதலின் கூடலும் பிரிவும் அவ்வாறே பொழுதும் பருவமும் பற்றி நிகழ்வன. எனவே பொழுது என்னும் பொதுநிலத்தில் இசையும் காதலும் சந்திக்கின்றன. இக்காதல் எவ்வாறு இறைக்காதல் ஆயிற்று என்பதே அடுத்து ஆராயற்பாலது.

வங்க மன்னன் இலக்குமணசேனன் அவையில் 12 ஆம் நூற்றாண்டில் விளங்கியவர் ஜயதேவர். அவர் இயற்றிய கீதகோவிந்தம் 12 சருக்கங்களும் 24 கீதங்களும் உடையது. ஒவ்வொரு கீதத்திற்கும் இராகம் குறிக்கப்பட்டுள்ளது. பூரி செகநாதர் கோயிலில் அது வழிபாட்டிற் பாடப்படுகின்றது. தமிழ்நாட்டுப் பசனை மரபில் அட்டபதி என்னும் பெயரால் வழங்குகின்றது. வசந்தத்திற் பிரிந்த இராதையும் கண்ணனும் தோழியின் தூதால் மீண்டும் கூடுவதே அதன் பொருள். காதலும் இசையும் வழிபாடும் அந்நூலிற் பிரிக்க இயலாதவாறு பின்னிக் கிடக்கின்றன. பின்னர் 1591 இல் ஓர்ச்சா நாட்டுக் கேசவதாசர் 'இரசிகப்பிரியை' இயற்றியபோது, தலைவன் தலைவியரின் பல்வேறு நிலைகளுக்கும் கண்ணனையும் இராதையையுமே எடுத்துக்காட்டாக்கினார். அதன்பின் ஓவியன் எழுதும் எந்தத் தலைவனும் நீலமேனி பெற்றுக் கண்ணனாகத் தோன்றுவது இயல்பாயிற்று.

மேவார் நாட்டு ஓவியர் சாகிப்தீனின் தொழில் இவ்விணைப்பிற்குத் தக்க சான்று. அவர் 1628 இல் உதயபுரத்தில் இராகமாலைத் தொகுதி ஒன்றை எழுதினார். மறு ஆண்டே கீதகோவிந்தத்தையும் எழுதினார். இரசிகப்பிரியைக்கும் ஓவியம் வரைந்தார். இசைநூல், பக்திநூல், அகப்பொருள் நூல் ஆகிய மூன்றற்கும் ஒரே தூரிகை, ஒரே சோலை, ஒரே காதலர். சாகிப்தீன் இசுலாமியர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பகாரி நாட்டில் குலேர் ஓவியர் மனாகு 1730 இல் கீதகோவிந்தத்தை எழுதினார். 1947 இல் இந்தியா பிரிவுற்ற பின்னர் அத்தொகுதியின் ஏடுகளும் இலாகூருக்கும் சண்டிகருக்குமாகப் பிரிந்தன. பிரிவைப் பாடும் நூலின் ஓவியங்களே பிரிவுக்கு ஆளாயின. மனாகுவுக்கும் அவர் தம்பி நைன்சுகருக்கும் அடுத்த தலைமுறையினர் 1775 ஆம் ஆண்டளவில் எழுதிய மற்றொரு கீதகோவிந்தத் தொகுதி, யமுனைக் கரையின் நிலவொளியையும் தளிர்களையும் இசையின் மென்மையோடு காட்டுவது.

இவ்வோவியங்களின் காதல் வெறும் போர்வை, அதனை நீக்கினால் தத்துவம் தோன்றும் என்று உரைப்பது எளிது. ஆயின் அவ்வாறு உரைப்பது ஓவியத்தை வறிதாக்கிவிடும். தமிழ் அகப்பொருள் மரபு இவ்விடத்திற் கைகொடுக்கின்றது. தொல்காப்பியர் அகத்திணைக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் மூன்றினைக் கூறினார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வமும் விலங்கும் மரமும் புள்ளும் பறையும் யாழும் கருப்பொருளில் அடங்கும். புணர்தலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும் உரிப்பொருள். பொழுது, தெய்வம், யாழ், காதல் என்னும் நான்கினையும் ஒரே கட்டுக்கோப்பில் வைத்த இவ்விலக்கணம் இராகமாலைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது.

ஒப்புநோக்குவார்க்கு ஒற்றுமைகள் தெளிவாம். முல்லைக்குத் தெய்வம் மாயோன், பெரும்பொழுது கார். மேகராக ஓவியத்தில் கார்முகிலின்கீழ் ஆடுபவனும் கண்ணனே. மருதத்திற்கு உரிப்பொருள் ஊடல். சிறுபொழுது வைகறை விடியல். தலைவியின் ஊடலைக் காட்டும் இராமகலி காலையிற் பாடுதற்குரிய இராகம். அகப்பாட்டின் தோழி கீதகோவிந்தத்தின் சகியாக நிற்கின்றாள். தெற்கிலிருந்து வடக்கே ஒருவர் கொண்டு சென்றமையால் இவை விளைந்தன என்று கொள்ளற்க. அதற்குச் சான்று வேண்டும். பருவத்தோடும் பொழுதோடும் ஒட்டி வாழ்ந்த மக்கள், தம் நெஞ்சின் நிலைகளை ஒரே வகையில் உணர்ந்தனர் என்பதே இவ்வொற்றுமை உணர்த்துவது.

அகம் பக்தியாக மாறிய வரலாறும் தமிழில் உண்டு. நம்மாழ்வார் தம்மைத் தலைவியாக்கிப் பாடினார். ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் முதற்பதிகத்தில் காமனையே தொழுது திருமாலைத் தனக்குக் கூட்டுவிக்க வேண்டினாள். மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 400 பாடல்களில் களவும் கற்பும் முறையாக நடக்கின்றன. பேராசிரியர் அதற்கு அகப்பொருள் வழியே உரை கண்டார். அடியார் அதனைச் சிவத்திற்கும் உயிருக்கும் உள்ள உறவாக ஓதினர். இரண்டு பொருளும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. மனிதக் காதலின் ஏக்கம் மெய்யாக இருத்தலினாலேயே அஃது இறைக்காதலைச் சொல்ல வல்லதாகின்றது. தோடியின் தனிமை ஒரு பெண்ணின் மெய்யான தனிமையாக இராவிடின், அது பக்தனின் தனிமையாகவும் இராது. இராகமாலையையும் கீதகோவிந்த ஓவியங்களையும் இவ்வாறு இருபொருள்பட நோக்குவதே நெறியாகும்.

இந்நெறியில் இவ்வோவியங்களை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் ஆனந்த குமாரசுவாமி. அரிச்சந்திரன் கதையை 1863 இல் ஆங்கிலத்திற் பெயர்த்தளித்த சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலப் பெண்மணியாகிய எலிசபெத் கிளே பீபிக்கும் மகனாக, 1877 ஆகத்து 22 ஆம் நாள் அவர் கொழும்பிற் பிறந்தார். 1879 இல் தந்தை மறைய, இங்கிலாந்தில் வளர்ந்து இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் கற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் இயக்குநராகப் பணியாற்றினார். கல்லைத் தேடிச் சென்ற அவர் கண்டியச் சிற்றூர்களிற் கலையைக் கண்டார். அதன் பயனாக 1908 இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் வெளிவந்தது. ஆலயத்தில் ஓவியம் எழுதுவோனும் பாய் முடைவோளும் குயவனும் கலைஞரே என அந்நூல் நிறுவியது.

அதன்பின் அவர் கருத்து இந்திய ஓவியத்தின்பாற் சென்றது. 1910, 1911 ஆம் ஆண்டுகளில் அலகாபாத்தில் நடந்த பொருட்காட்சியின் கலைப்பிரிவை அமைத்ததோடு, வடநாடெங்கும் சுற்றி ஓவியங்களைச் சேர்த்தார். அவர் துணைவியார் ஆலிஸ் ரிச்சர்ட்சன், இரத்தன் தேவி என்னும் பெயரால் இந்திய இசை கற்றுப் பாடியவர். பஞ்சாப், காசுமீரப் பாடல்கள் முப்பதை அவர் தொகுத்த நூல், தாகூரின் முன்னுரையோடும் குமாரசுவாமியின் முகவுரையோடும் 1913 இல் வெளிவந்தது. 1915 இல் குமாரசுவாமி வித்தியாபதியின் இராதை கண்ணன் பாடல்களை அருண் சென்னுடன் ஆங்கிலமாக்கினார். 1916 இல் 'இராசபுத்திர ஓவியம்' என்னும் பெருநூல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. பாடலும் பண்ணும் படமும் அவரிடத்தில் ஒரே காலத்தில் ஒன்றுகூடியமையால், ஓவியத்தைப் பாடலிலிருந்து பிரித்து நோக்கும் பிழை அவருக்கு நேரவில்லை. தில்லைக் கூத்தின் பொருளைத் திருமூலர் வழிநின்று விளக்கிய அவர்தம் கட்டுரையும் இக்காலப் பகுதியிலேயே, 1912 இல், 'சித்தாந்த தீபிகை'யில் வெளியாயிற்று.

தாம் சேர்த்த ஓவியங்களைக் காசியில் ஒரு நூதனசாலை அமைப்பின் அதற்கே அளிப்பதாக அவர் கூறினார். அம்முயற்சிக்கு வேண்டிய ஆதரவு கிட்டவில்லை. 1917 இல் டென்மன் ரொஸ் என்பவர் அவற்றைப் பெற்று அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்கு வழங்கினார். குமாரசுவாமியும் அங்கே இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளராயினார். 1947 செத்தெம்பர் 9 ஆம் நாள் மசாசுசெட்சில் உள்ள நீடம் என்னும் ஊரில் இயற்கை எய்தினார். தன் செல்வத்தின் மதிப்பை ஒரு நாடு உரிய காலத்தில் உணராவிடின் அஃது எங்குச் சென்று சேரும் என்பதற்கு இவ்வரலாறு சான்று.

பிற்கால ஆராய்ச்சி குமாரசுவாமியின் முடிபுகள் சிலவற்றைத் திருத்தியுள்ளது. இராசபுத்திர ஓவியம் பக்தியும் மக்கள்மரபும் சார்ந்தது, முகலாய ஓவியம் அரசவையும் உலகியலும் சார்ந்தது என இரண்டையும் அவர் வேறுபிரித்தார். ஆயின் காசிக்கு அணித்தான சுனாரில் 1591 இல் எழுதப்பட்ட இராகமாலையின் ஓவியர், அக்பர் அவையின் பேராசிரியர்களாகிய மீர் சய்யிது அலி, அப்துசமது ஆகியோரின் மாணாக்கர் என்று அதன் குறிப்பே கூறுகின்றது. அத்தொகுதி பூந்தி நாட்டு ஓவியமரபிற்கு முதலாயிற்று. தக்கணத்தில் வீசாப்பூர் சுல்தான் இரண்டாம் இபுராகீம் ஆதில்சா தாமே இராகம் குறித்துப் பாடல்கள் இயற்றினார். எனவே இராகமாலை இந்து, இசுலாமிய ஓவியர் இருசாராரின் கைவண்ணத்திலும் வளர்ந்த செல்வம் என்பதே இன்றைய தெளிவு. இத்திருத்தம் குமாரசுவாமியின் பெருமையைக் குறைப்பதன்று. கண்ணனின் காதலைப் பிற சமயத்தாரும் உளமுருகி எழுதினர் எனின், அக்காதலின் ஆற்றல் அதனால் மிகுமேயன்றிக் குறையாது.

மற்றொரு திருத்தமும் உண்டு. பகாரி ஓவியர் பெரும்பாலோரின் பெயர் குமாரசுவாமியின் காலத்தில் அறியப்படவில்லை. 1968 இல் அறிஞர் பி. என். கோசுவாமி, அரித்துவாரத்தில் யாத்திரிகர்தம் குடிவழி எழுதப்படும் பண்டாக்களின் ஏடுகளை ஆராய்ந்து, பண்டிதர் சேயு, அவர் மக்கள் மனாகு, நைன்சுகர், அவர்தம் வழியினர் ஆகிய ஓவியக் குடும்பத்தின் வரலாற்றை மீட்டெடுத்தார். நாட்டின் பெயராலும் அரசன் பெயராலும் வழங்கிய ஓவியங்கள் அதன்பின் எழுதியோர் பெயராலும் வழங்கலாயின.

இவ்வரலாறு இலங்கையின் மலைநாட்டிற்கும் ஒரு பாடம் உரைக்கின்றது. வசந்த இராகினியை ஓவியர் எழுதிய அதே இளவேனிற் பருவத்தை ஒட்டி, மாசித் திங்களில், இறம்பொடை, அற்றன், நுவரெலியா முதலிய பகுதிகளின் தோட்டங்களிற் காமன் கூத்து ஆடும் மரபு உண்டு. 19 ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் அதனைத் தம்மோடு கொண்டுவந்தனர். காமனுக்குக் கம்பம் நட்டு, தப்பு முழங்க, மதனும் இரதியுமாக வேடம் புனைந்து ஆடுகின்றனர். சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிகின்றான். இரதியின் புலம்பல் எழுகின்றது. அவள் வேண்டுதலால் அவன் உருவற்றவனாய் உயிர் பெறுகின்றான். கூடலும் பிரிவும், பருவமும் பறையும், தெய்வமும் மனிதக் காதலும் இங்கும் ஒன்றுகூடுகின்றன. மன்னர் அவையில் தாளில் எழுதப்பட்டது இராகமாலை. உழைப்பாளர் லயத்து முற்றத்தில் உடலால் எழுதப்படுவது காமன் கூத்து. கண்டியச் சிற்றூரின் குயவனைக் கலைஞனாகக் கண்ட குமாரசுவாமியின் கண்கொண்டு நோக்குவார்க்கு இவ்விரண்டும் ஒரே மரபின் இருகிளைகளாகத் தோன்றும்.

இரதியின் புலம்பலை எந்த மெட்டிற் பாடுகின்றனர், தப்பின் அடி எக்கட்டத்தில் எவ்வாறு மாறுகின்றது, எந்தத் தோட்டத்தில் யார் யாருக்குக் கற்பித்தனர் என்பனவெல்லாம் இன்றும் முதியோர் நினைவில் வாழ்வன. அரித்துவாரத்து ஏடுகள் இருந்தமையால் மனாகுவின் பெயர் இரண்டு நூற்றாண்டுகளின் பின்னும் மீண்டது. தோட்டத்துப் பேரேடுகளோ கொழுந்து பறித்த நாளைக் குறித்தன. கூத்துப் பயிற்றிய ஆசிரியனின் கலையைக் குறிக்கவில்லை. அக்குறிப்பை எழுதும் கடமை மலைநாட்டுக் கல்லூரிகளின் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் உரியது. ஒவ்வொரு மாணவனும் தன் தோட்டத்துக் கூத்தின் பாடலையும் அடியையும் ஆசிரியன் பெயரையும் ஒரேட்டில் எழுதி வைப்பானாயின், எழுதப்பெறாது மறையும் நிலையினின்று ஒரு கலை காக்கப்பெறும்.